மரமணி கேட்ட மலையூர்

கோயில் வாசலில் சட்டையைக் கழற்றும்போது எனக்கு இப்போதெல்லாம் சிரிப்பு வந்துவிடுகிறது. போன வெள்ளிக்கிழமையும் வந்தது. ஆபீஸ் விட்டுக் கிழக்கேகோட்டை வழியாக வந்துகொண்டிருந்தேன், தூறல். பத்மநாபசாமி கோயில் படிக்கு முன்னால் சட்டையைக் கழற்றிச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கினேன். நனைந்த கருங்கல்லின் வாடையும் எண்ணெய்த் திரியின் புகையும் சேர்ந்து வந்தன. வெற்று முதுகில் ஒரு துளி விழுந்து ஊர்ந்தது. அவ்வளவுதான், சிரித்துவிட்டேன். பக்கத்தில் நின்ற வலியசாலை அக்கிரகாரத்து மாமி ஒருத்தி திரும்பிப் பார்த்து, "ஏண்டாப்பா, பகவான் கிச்சுகிச்சு மூட்டறாரா?" என்றாள்.

அவளுக்கு என்ன பதில் சொல்வது? கடல் கடந்துபோய், இத்தாலி தேசத்தில் ஒரு மலையுச்சி ஊரில், பட்டாளத்துச் சட்டையைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றதையெல்லாம் கோயில் வாசலில் சொல்லி முடியாது. உங்களிடம் சொல்லலாம். உங்களுக்கும் இன்று அவசர வேலை ஒன்றுமில்லை என்று நினைக்கிறேன்.

சட்டை கழற்றுவது என்றால் முதலில் அப்பா வந்து நிற்பார். அவருக்குச் சாலைக் கம்போளச் சந்தையில் கருப்பட்டி வியாபாரம். கடை என்று சொல்வது அதிகம். ஒரு சாக்கு, ஒரு தராசு, வெயிலுக்கு ஒரு பழந்துணி. எங்கள் ஆட்கள் பத்மநாபசாமி கோயிலைத் தூரத்தில் நின்று கோபுரத்தோடு சேர்த்துக் கும்பிட்டுப் பழகியவர்கள். எல்லாரும் உள்ளே போகலாம் என்று மகாராஜாவின் விளம்பரம் வந்தபோது நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வம்சத்தில் எழுத்துக்கூட்டத் தெரிந்த முதல் ஆள் நான்தான் என்பதால் அந்த விளம்பரத்தைப் படித்துக் காட்டும் பொறுப்பு என்னுடையது. அப்பா திரும்பத் திரும்பப் படிக்கச் சொன்னார். நடுவில் 'ஆனால்' என்று ஏதாவது வருகிறதா என்று பார்த்தார் போலும்.

பிறகு ஒருநாள் விடியற்காலையில் கரமனை ஆற்றில் முங்கிவிட்டு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். அவர் ஒருநாளும் உள்ளே போனதில்லை. ஆனால் உள்ளே போகிறவன் எப்படிப் போகவேண்டும் என்பது அத்தனையும் அவருக்குத் தெரிந்திருந்தது. எட்டி நின்று பார்த்துப் பார்த்தே படித்த பாடம். சட்டையைக் கழற்றச் சொன்னார், வேட்டியை இறக்கிக் கட்டச் சொன்னார், தலையைத் துவட்டவேண்டாம் என்றார். எல்லாம் சரியாகச் செய்துவிட்டு வாசலில் வந்து நின்றவருக்குக் கால் எழும்பவில்லை. நின்றுகொண்டே இருந்தார். பின்னாலிருந்து யாரோ, "கேறு, கேறு, ஆளுக நிக்கியாவ" என்று பொறுமையில்லாமல் சொன்னார். அந்தப் பொறுமையின்மைதான் நல்லதாகப் போயிற்று. அப்பா கேறினார்.

அன்றிலிருந்து எனக்கு ஒரு கெட்ட பழக்கம். பெரிய கற்கட்டடம் எதைப் பார்த்தாலும் கை தானாகச் சட்டைப் பொத்தானுக்குப் போகும். பரீட்சை எழுதப்போன மண்டபத்தில்கூட மேல்பொத்தானைக் கழற்றிவிட்டுத்தான் படியேறினேன். பாஸானேன். பாஸானவனுக்கு ஊரில் வேலை இல்லை. அப்போது சண்டைக்காலம், எழுதப்படிக்கத் தெரிந்த பையன்களைப் பட்டாளம் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. அம்மா அழுதாள். அப்பா, துப்பாக்கி பிடிக்கவேண்டாமே, பேனாதானே என்று அவளைத் தேற்றினார். அவர் சொன்னது மெய்தான். அந்தச் சண்டை முழுக்க நான் பருப்பும் கோதுமை மாவும் நெய் டின்னும் நிறுத்து அனுப்பிக்கொண்டிருந்தேன்.

எங்கள் சப்ளை கம்பெனியில் லாரி ஓட்டியவர்களில் ஒருவர் பத்ரோஸ். விழிஞ்ஞத்துக்காரர், வள்ளத்தில் மீன்பிடிக்கிற குடும்பம். என்னைவிடச் சில வயசு மூத்தவர் என்பதால் நான் அண்ணே என்பேன். அவர் என்னைக் கிளார்க்கே என்பார். தரையில் ஓடுகிற வண்டி என்பதை அவர் மனசு கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. வலது, இடது என்று சொல்லமாட்டார். மலைப்பாதையில் பாறை இருக்கும் பக்கம் அவருக்குக் கரைப்பக்கம்; பள்ளம் இருக்கும் பக்கம் கடல்பக்கம். "கிளார்க்கே, கடல்பக்கம் பாத்துக்கோடே" என்பார். நான் எட்டிப் பார்த்தால் கீழே எங்கோ ஓர் ஆறு நூலாகத் தெரியும்.

அவருடைய தம்பி சூசையும் எங்கள் கம்பெனியில்தான் இருந்தான். மூட்டை ஏற்றி இறக்கும் வேலை. சண்டையின் கடைசிக் குளிர்காலத்தில் மழையும் சேறுமாகக் கிடந்தபோது அவனுக்கு நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் வந்தது. ஒரு மலையடிவாரத்துக் கூடார ஆஸ்பத்திரியில் போட்டார்கள். பத்ரோஸ் வேறொரு பாதையில் ரேஷன் கொண்டுபோயிருந்தார். அவர் திரும்பி வருவதற்குள் எல்லாம் முடிந்து அங்கேயே மண்ணும் போட்டாகிவிட்டது. பட்டாளத்துப் பாதிரியார் ஜெபமெல்லாம் முறையாகச் சொன்னாராம். குழிமேல் மரச்சிலுவை இருந்தது, பெயர் இருந்தது. பத்ரோசுக்கு யார்மீதும் குறையில்லை. ஊரில் இருந்த அம்மைக்குத்தான் ஒரு குறை.

விழிஞ்ஞத்தில் லீவை முடித்துவிட்டு வந்த ஒருவரிடம் அவள் சொல்லியனுப்பியிருந்தாள். அவர் அதை அவள் குரலிலேயே சொன்னார். "இங்க பள்ளியில மணி அடிச்சாச்சு. அது நமக்குக் கேட்டுது. மண்ணுக்குள்ள கெடக்கிய எனக்க புள்ளைக்குக் கேட்டுதா?"

பள்ளி என்றால் அவர்கள் பேச்சில் மாதா கோயில். சாவு விழுந்தால் மணி அடிப்பார்கள், அது எல்லா ஊரிலும் உள்ளதுதான். மண் போட்ட இடத்தில் அந்த மணி கேட்டாகவேண்டும், கேட்டால்தான் போனவனுக்குத் தான் போய்விட்டது தெரியும் என்பது திருச்சபைச் சட்டமா, அந்த அம்மையின் சொந்த நம்பிக்கையா என்று எனக்குத் தெரியாது. கூடாரத்துக்குப் பக்கத்தில் ஏது மணி?

சண்டை ஓய்ந்தது. கோடை வந்தது. கப்பலுக்காக ஒரு துறைமுகத்தில் காத்துக் கிடந்தோம். அப்போது ஒருநாள் எங்கள் வெள்ளைக்கார ஆபீசர் வெங்காயம் வாங்கிவர ஒரு லாரி போகட்டும் என்றார். பத்ரோஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: சூசை கிடக்கிற இடத்துக்கு மேலே மலையுச்சியில் ஓர் ஊர் இருக்கிறது, அதில் கோபுரம் தெரியும், அங்கே மணி அடித்தால் கீழே கேட்கும். கப்பல் ஏறிவிட்டால் இந்த ஜன்மத்தில் நடக்காது. நான் ஆபீசரிடம் போய் அந்த மலைப்பக்கத்து வெங்காயத்தின் பெருமையைப் பேசினேன். என் இங்கிலீஷில் வெங்காயம் அத்தனை உயர்ந்த பொருளாக வேறெப்போதும் இருந்ததில்லை. ஆபீசர், எங்கே வாங்கினாலும் சரி, இருட்டுமுன் வந்துவிடு என்றார்.

அந்தப் பயணத்தை நினைத்தால் முதலில் புழுதிதான் வருகிறது. வெள்ளைப் புழுதி, மாவு மூட்டைக்குள் உட்கார்ந்து போவதுபோல். உடைந்த பாலங்களைச் சுற்றிச்சுற்றிப் போனோம். ஒலிவ மரங்கள், திராட்சைப் பந்தல்கள், கூரை பறந்துபோன வீடுகள். வீட்டுச் சுவர் பாதி விழுந்த இடத்தில் உள்ளே மேசை ஒன்று விரிப்போடு அப்படியே இருந்தது. ஒரு பண்ணையில் வெங்காயம் ஏற்றினோம். சிவப்பு வெங்காயம், நம் ஊர்ப் பம்பரம் அளவு. பத்ரோஸ் விலை பேசக்கூட இறங்கவில்லை. மலையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

ஊரின் பெயரைக் கேட்பீர்கள். எனக்கு மறந்துவிட்டது. பட்டாளத்து வரைபடத்தில் அதற்கு ஒரு பெயர், பண்ணைக்காரன் சொன்னது வேறு பெயர். பழைய ஊர். மலையின் தலையில் ஒரு கோட்டை மதில், அதற்குள் தேன்கூடுபோல நெருங்கிய கல்வீடுகள். லாரி மதில்வாசல் வரைக்கும்தான் போயிற்று. உள்ளே தெருக்களெல்லாம் படிக்கட்டுகள். காலடி பட்டுத் தேய்ந்து நடுவில் குழிந்த படிக்கட்டுகள். எங்கள் பூட்ஸ் சத்தம் எங்களுக்கே பெரிதாகக் கேட்டது. ஆண்களையே காணோம். கறுப்பு உடுத்த பெண்கள் ஜன்னலில் தெரிந்து, பட்டாள உடுப்பைக் கண்டதும் மறைந்தார்கள். எங்கேயோ ஒரு குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. ஜன்னலுக்கு ஜன்னல் சின்னச் சட்டிகளில் ஒரு செடி. அதன் மணம் பட்டதும் எனக்குத் துளசி என்று தோன்றிக் கும்பிடப் போனேன். கிட்டே போனபிறகுதான் நம் திருநீற்றுப்பச்சிலை என்று தெரிந்தது. அதை அவர்கள் தக்காளியோடு போட்டுத் தின்கிறார்கள் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். பரவாயில்லை, அது அவர்கள் ஊர்.

கோயிலில் பாதிரியார் இருந்தார். வயசானவர்; அங்கியில் ஒட்டுப் போட்டிருந்தது. பட்டாளம் சிப்பாய்களுக்குக் கொடுத்த சிறு புத்தகத்திலிருந்து நான் இத்தாலியச் சொற்களைப் பொறுக்கிவைத்திருந்தேன். கம்பானா என்றால் மணி, ஃப்ராதெல்லோ என்றால் சகோதரன், மோர்த்தோ என்றால் இறந்தவன். இந்த மூன்றையும் மாற்றி மாற்றி அடுக்கினேன். அவருக்கு 'கம்பானா' மட்டும் விளங்கிற்று. மணியைக் கொண்டுபோக வந்திருக்கிறோம் என்று நினைத்தாரோ என்னவோ, முகம் இறுகிவிட்டது. எங்களை வெளியே கூட்டிவந்து கோபுரத்தைக் காட்டினார். ஷெல் பட்டு மேலிருந்து கீழே ஒரு வெடிப்பு; ஆள் கையை விட்டுத் துழாவலாம். மணி மேலேதான் தொங்கியது. அடித்தால் கோபுரம் இறங்கிவிடும் என்று இரண்டு கைகளாலும் செய்து காட்டினார். பிறகு தலையாட்டிவிட்டு உள்ளே போய்விட்டார்.

பத்ரோஸ் படியில் உட்கார்ந்துவிட்டார். மணி அடிக்காத ஊர் என்பதால்தான் அந்த ஊருக்கு அத்தனை அமைதி என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. மதியம் எப்போது முடிகிறது என்றுகூட அங்கே தெரியவில்லை.

"செரி, போவோம்" என்றார் பத்ரோஸ். "அம்மைக்கிட்ட அடிச்சாச்சுன்னு பறயலாம்." ஆனால் எழுந்திருக்கவில்லை. தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே, "கள்ளம் பறஞ்சா அவளுக்கு முகத்துல தெரியும்டே" என்றார்.

நான் என்ன செய்வது? அந்தக் கோயிலின் புனிதர் யாரென்று எனக்குத் தெரியாது. யாராக இருந்தாலும் ஒரு கும்பிடு போட்டுச் சொல்லிப் பார்க்கலாமே என்று எழுந்தேன். பூட்ஸைக் கழற்றினேன், காலுறையைக் கழற்றினேன், சட்டையையும் பனியனையும் கழற்றிச் சுருட்டிக் கக்கத்தில் வைத்தேன். யோசித்துச் செய்யவில்லை, பெரிய கற்கட்டடம், உள்ளிருந்து வரும் குளிர், திரி வாடை, கை தன் வேலையைச் செய்துவிட்டது. வாசல்படியில் போய் நின்றேன். அங்கே என் கால் நின்றுவிட்டது.

"நான் கேறலாமாண்ணே?" என்று கேட்டேன்.

பத்ரோஸ் நிமிர்ந்து பார்த்தார். அந்தத் துக்கத்திலும் மனுஷனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எடே மடையா, இது என்ன ஒனக்க பப்பநாவசாமி கோயிலா? சட்டைய இடுடே, ஆளுக பாக்குவ."

பார்த்தாகிவிட்டது. செப்புக் குடத்தில் தண்ணீர் எடுத்துவந்த ஒரு கிழவி என்னைக் கண்டு குடத்தைக் கீழே வைத்தாள். சிலுவை போட்டுக்கொண்டாள். பக்கவாசலால் விறுவிறென்று உள்ளே போய்ப் பாதிரியாரைக் கையோடு கூட்டிவந்தாள். எங்களை விரட்டத்தான் வருகிறார் என்று நினைத்துச் சட்டைக்குள் தலையை நுழைக்கப் பார்த்தேன். பதற்றத்தில் சட்டைக் கைக்குள் போய்விட்டது தலை. அவர் வந்து என் வெறுங்காலைப் பார்த்தார், விலா எலும்பைப் பார்த்தார், நான் படியைத் தாண்டாமல் நிற்பதைப் பார்த்தார். அவர் முகம் மாறிப்போயிற்று.

காரணம் எனக்குப் பின்னால் எங்கள் முகாம் பாதிரியார் சொல்லித்தான் தெரியும். பாவத்துக்கு வருந்துகிறவர்கள் அந்தப் பக்கத்தில் அந்தக் காலத்தில் அப்படித்தான் வருவார்களாம். வெற்றுடம்பும் வெறுங்காலுமாக வந்து, கூப்பிடும்வரை வாசலில் நிற்பார்களாம். சண்டையில் நான் என்னென்ன கொடுமை செய்துவிட்டேன் என்று அந்த நல்ல மனுஷர் நினைத்தாரோ! பருப்பு நிறுத்தவனய்யா நான் என்று சொல்ல என் புத்தகத்தில் சொல் இல்லை. அவர் என் கையைப் பிடித்து வாசலைத் தாண்டவைத்தார். கிழவி தன் கறுப்புச் சால்வையை எடுத்து என் தோளில் போட்டாள். ஆட்டுப்பால் வாடை அடித்தது அதில்.

பிறகுதான் அவர் பத்ரோசின் முகத்தைப் பார்த்தார். நான் மறுபடியும் அதே சொற்களைச் சொன்னேன். இந்தத் தடவை 'ஃப்ராதெல்லோ' அவர் காதில் விழுந்தது. பத்ரோஸ் சட்டைக் கழுத்துக்குள் கைவிட்டு, மாதா படம் தைத்த கயிறான உத்தரியத்தை எடுத்துக் காட்டினார். பிறகு மதிலோரம் கூட்டிப்போய்க் கீழே பள்ளத்தாக்கில் வரிசையாகத் தெரிந்த மரச்சிலுவைகளைக் காட்டினார். பாதிரியார் பார்த்துவிட்டு உள்ளே போனார். திரும்பி வந்தபோது கையில் ஒரு பலகை இருந்தது; கைப்பிடி வைத்த பலகை, இரண்டு பக்கமும் மரச்சுத்தி கோத்தது.

"மரமணி" என்றார் பத்ரோஸ்.

எனக்கு அதன் பொருள் அவர் சொல்லித்தான் விளங்கியது. துக்கவெள்ளி சமயத்தில் கர்த்தர் இறந்து கிடக்கும் நாட்களில் வெங்கல மணி அடிக்கமாட்டார்கள்; இந்தப் பலகையைத்தான் ஆட்டுவார்கள். விழிஞ்ஞத்திலும் அதே பலகை, அதே வழக்கம். ஆனால் மரச்சத்தம் எவ்வளவு தூரம் போகும்? மலையுச்சியில் ஆட்டினால் பள்ளத்தாக்குக்குக் கேட்காது. பாதிரியார் எங்கள் லாரியைப் பார்த்தார்.

பட்டாள வண்டியில் ஊர் ஜனங்களை ஏற்றக்கூடாது. அந்த உத்தரவை அறிவிப்புப் பலகையில் பசை தடவி ஒட்டினவனே நான். மீறினால் கப்பலில் இடம் போய்விடும் என்பதும் தெரியும். பத்ரோஸ் ஏறி உட்கார்ந்து, ஸ்டியரிங்கில் கைவைத்தபடி முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார். ஜீவிதத்தில் ஒரு விதியைக்கூட மீறாத கிளார்க்காகிய நான் போய் லாரியின் பின்பலகைக் கொளுக்கியை அவிழ்த்தேன். பாதிரியார் ஏறினார். குடத்துக்காரி ஏறினாள். அவளைப் பார்த்து மற்ற கிழவிகளும் தெருத்தெருவாக இறங்கிவந்து ஏறிவிட்டார்கள். ஒருத்தி கோழியோடு ஏறினாள். வெங்காய மூட்டைகள்மேல் கறுப்பு உடுப்பு வரிசை. மூட்டை நசுங்கி வாடை கிளம்பிற்று. மலை இறங்குவதற்குள் எல்லார் கண்ணிலும் தண்ணீர்.

சூசையின் குழியண்டை பாதிரியார் பலகையை ஆட்டினார். கட்டக் கட்டக் கட்டக். வறண்ட, அழகில்லாத சத்தம். காற்றில்லாத மதியத்தில் அது சிதறாமல் நேரே மண்ணுக்குள் இறங்குவதுபோல் இருந்தது. கிழவிகள் முழங்காலிட்டு லத்தீனில் ஜெபம் தொடங்கினார்கள். நடுவிலிருந்து பத்ரோசும் சேர்ந்துகொண்டார். எனக்குத்தான் ஒன்றும் தெரியாது, சால்வையைப் போர்த்திக்கொண்டு நின்றேன். எல்லாம் முடிந்தபிறகு பத்ரோஸ் குனிந்து மண்ணில் உள்ளங்கையை வைத்தார்.

"கேட்டுதாடே சூசை?" என்றார்.

இருட்டுமுன் முகாமுக்குத் திரும்பினோம். நசுங்கின வெங்காயத்துக்குப் பாதை மோசம் என்று காரணம் சொன்னேன். கப்பலில் இடம் போகவில்லை.

ஊருக்கு வந்ததும் பத்ரோஸ் என்னை விழிஞ்ஞத்துக்குக் கூட்டிப்போனார். ஓலைப்புரை வீடு, முற்றத்தில் நெத்திலிக் கருவாடு காய்ந்துகொண்டிருந்தது. அவர் அம்மை சின்ன உருவம். காதில் கனத்த பாம்படம் இல்லாமல் துளைபட்ட வெறும் மடல் மட்டும் தொங்கியது. பத்ரோஸ் அவளிடம் மலையைச் சொன்னார், பாதிரியாரைச் சொன்னார், கோழியைக்கூடச் சொன்னார். மணி அடித்தாயிற்று என்றார். என்ன மணி என்பதை மட்டும் சொல்லவில்லை. தம்பிக்கு முழு மணி கொடுக்க முடியவில்லை என்கிற வெட்கம் அவருக்கு உள்ளே கிடந்தது என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

அவள் அவரை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள். "நீ படிச்ச புள்ள. நீ சொல்லு மக்களே. மணி எப்பிடி கேட்டுது?"

பத்ரோஸ் கடலைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். கணீரென்று கேட்டது அம்மா என்று சொல்லியிருக்கலாம். அவள் கண்ணைப் பார்த்துக்கொண்டு சொல்ல வரவில்லை. "வெங்கல மணி இல்லம்மா. கோபுரம் வெடிச்சுக் கெடந்தது. மரமணிதான் அடிச்சாங்க" என்றேன்.

அவள் கருவாட்டுமேல் உட்கார வந்த காக்கையைக்கூட விரட்டவில்லை.

"மரமணியா?" என்றாள் கடைசியில். "துக்கவெள்ளிக்குக் கர்த்தருக்கு அடிக்கிய மணியையா எனக்க புள்ளைக்கு அடிச்சினும்?"

ஆமாம் என்றேன். அவள் எழுந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "இத நீ ஏண்டே பறயாம கெடந்தே?" என்று மகனை ஒரு வார்த்தை வைதுவிட்டு, முற்றத்தைத் தாண்டி, இந்தப் பெருமையைச் சொல்ல அக்கம்பக்கத்துப் பெண்களைப் பேர் பேராகக் கூப்பிட்டுக்கொண்டே கரைப்பக்கம் நடந்தாள். பத்ரோஸ் தலையைக் குனிந்துகொண்டு அழுதார். குழியண்டைகூட அவர் அழவில்லை.

அந்த அம்மை போன மழைக்காலத்தில் காலமாகிவிட்டாள். பத்ரோஸ் பம்பாய்க்குப் போய்க் கப்பலில் வேலைக்குச் சேர்ந்தார். எந்தக் கடலில் இருக்கிறாரோ. வெங்காயம் வாங்க அனுப்பிய துரை தன் தேசத்துக்குப் போய்விட்டார், அவருடைய சர்க்காரும் பின்னாலேயே போய்விட்டது. என் இத்தாலியச் சொற்களில் மூன்றுதான் மிச்சம். எவை என்று உங்களுக்குத் தெரியும்.

இந்த வருஷம் துக்கவெள்ளிக்கு நான் தனியாக விழிஞ்ஞத்துக்குப் போயிருந்தேன். மரமணி அடிக்கும் நேரம் பார்த்து மணலில் நின்று கண்ணை மூடிக்கொண்டேன், அந்த மலையடிவாரத்துச் சத்தம் ஒருதரம் திரும்பக் கேட்டுவிடாதா என்று. கட்டக் கட்டக் என்று விழிஞ்ஞத்துப் பலகைதான் கேட்டது. கடற்காற்று அதைப் பிய்த்துப் பிய்த்துக் கொண்டுவந்தது. அங்கே அன்று காற்றே இல்லை என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அந்தச் சத்தம்தான் நினைவிலிருந்து போய்விட்டது.